புரொசெசருக்குச் சூடு ஆகாது

தேயிலைச் செடியை மலைக்குக் கொண்டுவந்தவருக்கு அடுத்தபடியாக மலையகத்துக்குப் பெருந்தொண்டு செய்தவர் யார் என்று கேட்டால், ஸ்ட்ராத்பெல் தோட்டத்து மெனேஜர் விஜிதரன் என்று தயங்காமல் சொல்லலாம். முன்னவர் செடி கொண்டுவந்தார். பின்னவர் மடிக்கணினி கொண்டுவந்தார். செடி வாடாமலிருக்க நிழல் மரம் நட்டார்கள். கணினி வாடாமலிருக்க மின்விசிறி வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற மனிதர்களுக்கு என்ன வைத்தார்கள் என்று கேட்பது வரலாற்று உணர்ச்சி இல்லாதவர்களின் வேலை.

அந்தப் பெருந்தொண்டில் கைகொடுத்தவன் ஜெரோமி. ஸ்ட்ராத்பெல் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை பழகிவிட்டு, தோட்டத்து ஆபீசில் உதவிக் கிளாக்கராகச் சேர்ந்திருந்தான். அவனுடைய அம்மா சிசிலி அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பகலில் அம்மா பறித்த கிலோவை மகன் கணினியில் ஏற்றுவான். குடும்பமே தேயிலை உற்பத்தியில் 'ஒருங்கிணைந்து' இருந்தது என்று ஆண்டறிக்கையில் எழுதலாம்.

வந்து சேர்ந்த மடிக்கணினி சாதாரணமானதல்ல. மூடியில் ஒரு டிராகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திறந்தால் விசைப்பலகை சிவப்பும் நீலமுமாக, வேளாங்கண்ணி மாதா திருவிழாப் பந்தல் போல மின்னியது. கொழுந்துக் கணக்கைக் கொழும்புக்கு அனுப்ப இப்படியொரு விளையாட்டுக் கணினி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தலைமை ஆபீசுக்கு விஜிதரன் விளக்கம் அனுப்பியிருந்தார்: 'தரவுகளின் பாரம்.'

தரவுகளின் பாரம் என்னவென்று ஜெரோமிக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. காலையில் கொழுந்துக் கணக்கு கண் சிமிட்டும் நேரத்தில் கொழும்புக்குப் போய்விடும். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு துரை விஜிதரன் கார் ஓட்டுவார். திரையில்தான். பாலைவனத்தில், பனிமலையில், கடலோரத்தில். பனிமலை வளைவு வரும்போது மட்டும் கார் திக்கித் திக்கி நின்றது.

"ஜெரோமி, ரிப்போர்ட் போறது ஸ்லோவா இருக்குது. இதைக் கொஞ்சம் ஸ்பீட் ஆக்கேலாதா?" என்று கேட்டார் விஜிதரன். கொழும்பில் வளர்ந்தவர்.

"ஆக்கலாம் தொரை. உள்ள இருக்கிற புரொசெசர் இவ்வளவு வேகத்துலதான் ஓடணும்னு செஞ்ச கம்பெனி ஒரு அளவு வச்சி அனுப்புதுங்க. சில புரொசெசர்ல அந்த அளவப் பூட்டிருவாங்க. இதுல பூட்டல. நாம ஏத்திக்கலாம். ஓவர்குளொக் பண்றதுன்னு சொல்லுவாங்க."

விஜிதரனின் கண்களில் டிராகன் ஒளி வீசியது. "அப்ப ஏத்து!"

"ஏத்துனா சூடாகுங்க."

"சூடானா?"

"அதுவே வேகத்தக் கொறச்சிக்கும். தன்னக் காப்பாத்திக்கிறதுக்கு. அதுக்கும் மேல போனா அப்புடியே நின்னுரும்."

"சொல்லாமக் கொள்ளாமலா? வோர்னிங் லெட்டர் குடுக்கேலாதா?"

"மெசினுங்க தொரை."

"ஆமா," என்று பெருமூச்சு விட்டார் விஜிதரன். "மெஷினை நாங்க பேசிப் பயமுறுத்தேலாது. கவனமாத்தான் நடத்தணும்."

உலக நிர்வாக இயலுக்கு ஸ்ட்ராத்பெல் தோட்டம் வழங்கிய முதல் வாக்கியம் அது.

உடனே 'பாதுகாப்பான வேகக் கூட்டல் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் விஜிதரன். செயலாளர், பெரிய கிளாக்கர் சிவபாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பல வருடங்களாகக் கழற்றாதவர். தொழில்நுட்ப உறுப்பினர் ஜெரோமி. முதல் கூட்டம் தேநீர், கேக், வாழைப்பழத்துடன் நடைபெற்றது.

"தம்பி, எனக்கொரு சந்தேகம்," என்று தொடங்கினார் சிவபாதம். "உது சூடேறி வேகத்தைக் குறைச்சுப் போட்டுதெண்டால், அண்டைக்கு உதுக்கு அரைப்பெயர் போடலாமோ?"

அரைப்பெயர் என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சொன்ன கிலோவைப் பறிக்காத பெண்ணுக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம்.

"போட முடியாதுங்க ஐயா. சூடானா வேகத்தக் கொறைக்கிறது அதோட கொறையில்ல. அதுதான் அதோட பாதுகாப்பு."

"அப்பிடியோ! நல்ல ஏற்பாடு," என்று வியந்து எழுதிக்கொண்டார் சிவபாதம்.

அன்று ஜெரோமி சொன்னதையெல்லாம் குழு ஒருமனதாக ஏற்றது. வேகத்தை ஒரேயடியாக ஏற்றக்கூடாது. துளித்துளியாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு துளி ஏற்றிய பிறகும் கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, எவ்வளவு சூடாகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தொண்ணூறு பாகைச் சூட்டைத் தொட விடக்கூடாது. தடுமாறினால் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்பு நன்றாக ஓடிய அளவுக்கே இறக்கிவிட வேண்டும். தூசி ஆகாது. அடியில் காற்றோட்டம் வேண்டும். ஓய்வு வேண்டும்.

"ஒரு மெஷின்கிட்ட எவ்வளவு அன்பா நடந்துகொள்ளோணும் பாருங்க," என்று சொல்லி விஜிதரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஜெரோமி தன் வேலையை ரசித்துச் செய்தான். கணினியின் முதுகைக் கழற்றி விசிறியில் படிந்த தூசியைத் தட்டினான். புரொசெசரின் தலையில் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவினான், குழந்தைக்கு விபூதி பூசுவது போல. பின்பக்கத்தை உயர்த்தும் தாங்கி ஒன்றும், காற்று வீச இரண்டு மின்விசிறிகளும் வந்தன. பிறகு ஒரு துளி ஏற்றுவான், பார்ப்பான். இன்னொரு துளி, பார்ப்பான். ஒருமுறை திரை நீலமாகி நின்றுவிட்டது. அவன் பதறவில்லை. மறுபடி தட்டி எழுப்பி, பழைய அளவுக்கு இறக்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டான். நல்ல வேலைக்காரனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் விசிலடித்துக்கொண்டு போனான்.

பனிமலை வளைவில் துரையின் கார் பறந்தது. கொழுந்துக் கணக்கு முன்பு போலவே கண் சிமிட்டும் நேரத்தில் போனது.

வெற்றி மனிதனைச் சும்மா இருக்க விடாது. விஜிதரன் ஜெரோமியைக் கூப்பிட்டார்.

"பார் ஜெரோமி, செஞ்ச கம்பெனி சொன்ன அளவைவிடக் கூட ஓட அந்தச் சின்னத் துண்டுக்கே ஏலுமெண்டா, எங்கட ஆட்களுக்கு ஏலாதா? பழைய காலத்து அளவை வச்சிக்கொண்டு ஆட்களோட உண்மையான 'கெப்பாசிட்டி'யை நாங்க வீணாக்குறோம்."

"தொரை, இது வெயில் காலங்க. மழையில்லாம கொழுந்தே இல்ல. எவ்வளவு ஏத்தப் போறீங்க?"

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோ."

"துளித்துளியாங்க?"

"ஒரேயடியா."

"பாத்து ஏத்தணும்னு குழுவுல…"

"அது மெஷினுக்கு!" என்றார் விஜிதரன் அன்போடு. "மனுஷங்க பழகிக்குவாங்க. அதுதான் மனுஷங்ககிட்ட இருக்கிற வசதி."

இது இரண்டாவது வாக்கியம். முதல் வாக்கியத்தைவிடச் சிறந்தது.

மறுநாள் காலை பெரட்டில், ஆட்களைச் சேர்த்து வேலை பிரிக்கும் இடத்தில், கங்காணி முத்துலிங்கம் செய்தியைச் சொன்னார். சொல்லும்போது தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு கிலோவா?" என்றாள் ராசம்மா. சிசிலியின் பக்கத்து நிரைக்காரி. குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். "செடிகிட்ட சொல்லிட்டீங்களா கங்காணி?"

"எங்கிட்ட சொன்னத ஒங்ககிட்ட சொல்றேன். என்னையக் கேட்டா நான் என்னாத்தச் சொல்றது?"

"என்னா காரணமாம்?"

"கம்பியூட்டரு நல்லா ஓடுதாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணினி நன்றாக ஓடினால் தங்களுக்கு ஏன் நாலு கிலோ ஏற வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. படிப்பறிவு போதாது.

அந்த வாரம் ஜெரோமி கணினியில் ஏற்றிய பெயர்களில் பாதி, அரைப்பெயர்கள். கணினி அந்த வேலையைப் பிரமாதமான வேகத்தில் செய்தது. அம்மாவின் பெயருக்கு வந்தபோது அவன் விரல் நின்றது, பிறகு அழுத்தியது. வேறு என்ன செய்வது? அழுத்தாவிட்டாலும் கிலோ கூடப் போவதில்லை.

வீட்டில் சிசிலி ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னாள். "தேத்தண்ணி குடிக்க ஒக்காராம பறிச்சா எட்டிப் புடிச்சிரலாம்டா."

"வேணாம்மா. நாளைக்கி ஒருநாளு வேலைக்குப் போகாம நின்னுக்க. மொகமே சரியில்ல."

"எல்லாரும் மலைக்குப் போறப்ப நான் மட்டும் லயத்துல படுத்திருக்கவா? ராசம்மா என்னா பேசுவா தெரியுமா? நீ சாப்புடு."

"அம்மா, சூடேறுச்சுன்னா…"

"நான் என்னா ஒன் மெசினா? சாப்புடுறா."

ஜெரோமி சாப்பிட்டான்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆபீஸ் வாசலில் கூச்சல் கேட்டது. ராசம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் இடுப்பில் கட்டும் படங்கை விரித்து, அதில் சிசிலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. மருந்து கொடுப்பவர் இன்னொரு தோட்டத்துக்குப் போயிருந்தார். அவருக்கு மூன்று தோட்டம். கணினிக்கு ஒரே அறை, இரண்டு விசிறி.

சிவபாதம் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! உள்ளுக்கை ஆக்கள் வரேலாது. குழுத் தீர்மானம். தூசி ஆகாது!"

"ஐயா, இது தூசி இல்லீங்க," என்றாள் ராசம்மா. "சிசிலிங்க."

சிவபாதம் குனிந்து பார்த்தார். அவர் கெட்டவரல்லர், செயலாளர். முகத்தைப் பார்த்ததும் செயலாளர் பதவி சற்றுத் தளர்ந்தது. "ஐயோ பிள்ளை, உதென்ன கோலம்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

சிசிலியை அறைத் தரையில் கிடத்தினார்கள். ஜெரோமி மேசைமேல் இருந்த இரண்டு விசிறிகளையும் தூக்கினான். ஒன்றைத் தலைமாட்டில் வைத்தான், ஒன்றைக் காலடியில். ராசம்மா தன் தலைத்துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள். சிசிலியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கை மட்டும் வெறும் காற்றில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது.

மேசையின் மறுபக்கத்தில் விஜிதரன், காதுகளை அடைத்த பெரிய ஹெட்போனோடு, பனிமலை வளைவில் இருந்தார். உலகமறியாத வேகம். திடீரென்று கார் திக்கியது. விசிறியில்லாத புரொசெசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

"ஜெரோமி!" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார். "சூடு எப்பிடி?"

ஜெரோமி அம்மாவின் கழுத்தில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தான். அங்கே வேறு கருவி கிடையாது. புரொசெசரின் உள்ளறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாகையில் சூடு காட்டும் வசதி மேசைமேல் இருந்தது. தரையில் இருந்தவளுக்கு ஒரு புறங்கை.

"கொதிக்குதுங்க தொரை!" என்று ஹெட்போனையும் தாண்டிக் கேட்கும்படி சொன்னான்.

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிற? வேலையை உடனே நிப்பாட்டு! ரெஸ்ட் குடு! பழைய அளவுக்கே இறக்கு! போனாப் போகட்டும் ஸ்பீட், உயிர் தப்பட்டும்!"

இத்தனை கனிவான கட்டளையை அந்தத் தோட்டம் அதுவரை கேட்டதில்லை. ராசம்மாவின் கண்ணில் நீர் தளும்பியது.

"தொரை வாயால சொல்லிட்டாரு, எல்லாரும் கேட்டீங்கள்ல?" என்று எழுந்தாள். "வேலைய நிப்பாட்டி, ரெஸ்டு குடுத்து, பழைய அளவுக்கு எறக்கச் சொல்றாரு!"

வாசலுக்கு வந்து மலையை நோக்கிக் குரல் கொடுத்தாள். மேல்மலை கேட்டது, கீழ்மலை கேட்டது. கங்காணி முத்துலிங்கம், துரையின் உத்தரவை மீறும் பழக்கம் இல்லாதவர், விசிலை எடுத்து ஊதினார். துரை ஹெட்போனைக் கழற்றியபோது மலை காலியாக இருந்தது.

சிசிலியைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏறியது. மறுநாள் கண் திறந்து, "கூடைய யாரு எடுத்தா?" என்று கேட்டாள். அதுவரை ஜெரோமி அழவில்லை.

அவள் வீடு திரும்பும் வரை பெண்கள் பழைய அளவுக்குத்தான் பறித்தார்கள். கேட்டால், துரையின் உத்தரவு என்றார்கள்.

விவகாரம் கொழும்புக்கு எட்டியது. தலைமை ஆபீசிலிருந்து பாதுகாப்பு ஆலோசகர் ரோகினி, வெள்ளை வாகனத்தில் விசாரிக்க வந்தார். மிகவும் கண்டிப்பானவர். முதல் கேள்வியிலேயே குற்றத்தின் வேருக்குப் போனார்.

"ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து விசிறியை எடுத்தது யார்?"

"நாந்தாங்க மேடம்," என்றான் ஜெரோமி.

"அந்தச் சூட்டில் அது பழுதாகியிருந்தால்?"

"வாங்கிக்கலாம்ங்க."

"என்ன பதில் இது?"

"அம்மாவ வாங்க முடியாதுங்க."

ரோகினி நீண்ட நேரம் யோசித்தார். அவருக்கும் அம்மா இருந்திருக்க வேண்டும். கடைசியில், பிரச்சினையின் காரணம் வேலைப்பளு அல்ல, 'அளவீட்டுக் குறைபாடு' என்று கண்டுபிடித்தார். கணினிக்குச் சூடு காட்டும் கருவி இருந்தது. ஆகவே அது விழவில்லை. பெண்களுக்கு இல்லை, ஆகவே விழுந்தார்கள். எவ்வளவு எளிய உண்மை! இனி ஒவ்வொரு பெண்ணின் மணிக்கட்டிலும் ஒரு பட்டி. உடம்பின் சூட்டையும் இதயத் துடிப்பையும் பார்த்து வெளிச்சம் காட்டும். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் கவனம். பச்சை என்றால், இன்னும் ஏற்றலாம்.

"அப்ப கிலோவக் கொறைக்க மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டான் ஜெரோமி.

"குறைக்க வேண்டியதில்லையே! யார் எந்த இடத்தில் விழுவார் என்று தெரிந்துவிட்டால், அதற்கு ஒரு கிலோ முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். இதைத்தான் 'பாதுகாப்பான' உயர்வு என்கிறோம். நீர்தானே இதில் நிபுணர்? முதல் பட்டியை நீரே கட்டிவிடும்."

பட்டிகள் வந்த அன்று பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றார்கள். ரோகினி வந்திருந்தார். விஜிதரன் காலில் புதுச் சப்பாத்து போட்டிருந்தார். சிவபாதம் ஸ்வெட்டரோடு நின்றார். படம் எடுப்பதற்காக முதல் பட்டியைச் சிசிலியின் கையில் கட்டுவதென்று ஏற்பாடு. விழுந்து எழுந்தவள் என்பதால் அதற்கு 'உணர்வுபூர்வமான மதிப்பு' இருந்தது.

சிசிலி கையை நீட்டினாள். மெலிந்த கை. விரல் நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்திருந்தன. ஜெரோமி பட்டியை எடுத்தான். கட்டவில்லை. ரோகினியிடம் திரும்பினான்.

"மேடம், எந்த மெசினா இருந்தாலும் ஏத்துறதுக்கு முந்தி, சும்மா இருக்கிறப்ப சூடு எவ்வளவுன்னு பாத்துக்கணும்ங்க. அப்பதான் ஒப்பிட்டுப் பாக்கலாம். அதுதான் மொறை."

"சரிதான்," என்றார் ரோகினி. விஞ்ஞானம் என்றால் அவருக்கு மரியாதை. "சும்மா இருக்கும் ஒருவரில் முதலில் பார்ப்போம். இங்கே சும்மா இருப்பவர் யார்?"

யாரும் கை காட்டவில்லை. அது மரியாதையல்ல. ஆனால் பெரட்டு முழுவதும் ஒரே திசையில் பார்த்தது. கங்காணிகூடச் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து அந்தத் திசையில் பார்த்தார்.

விஜிதரன் பெருமையோடு முன்னால் வந்து சட்டைக் கையை மடித்தார். புதுக் கருவி எதுவானாலும் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஜெரோமி பட்டியைக் கட்டினான், மிகவும் கவனமாக.

பட்டி ஒருமுறை அதிர்ந்தது. பிறகு மின்னியது. அப்படியொரு பச்சையை அந்தத் தோட்டம் கண்டதில்லை. நல்ல மழைக்குப் பிறகு துளிர்த்த கொழுந்தில்கூட.

"பச்சைன்னா என்னாங்க மேடம்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள் ராசம்மா.

ரோகினி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். தொழில்நுட்ப உறுப்பினர் என்ற முறையில் ஜெரோமி பதில் சொன்னான். "இன்னும் ஏத்தலாம்னு அர்த்தங்க. எவ்வளவு வேணும்னாலும்."

ராசம்மா தன் முதுகிலிருந்த கூடையை இறக்கி, கயிற்றைச் சரிசெய்து, இரண்டு கையாலும் பணிவோடு நீட்டினாள்.

"இந்தாங்க தொரை. மேல்மலையில எட்டாவது நிரை. வெயிலு ஏறறதுக்கு முந்திப் போயிருங்க."

முதலில் சிரித்தது சிவபாதம். ஸ்வெட்டருக்குள்ளிருந்து அப்படியொரு சிரிப்பு வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு களமே சிரித்தது. சிசிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இது… இது வேற கேஸ். நான் மெனேஜ்மென்ட்," என்றார் விஜிதரன். பட்டியைக் கழற்றப் பார்த்தார். அது கழலவில்லை, பச்சையும் அணையவில்லை.

ரோகினி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். கருவியில் பழுது இருக்கிறது. அது திருத்தப்படும் வரை எந்த உயர்வும் பாதுகாப்பானதல்ல. ஆகவே, 'தற்காலிகமாக', பழைய அளவே நடைமுறையில் இருக்கும். சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். பெண்கள் பழைய அளவுக்குப் பறிக்க மலை ஏறினார்கள்.

பட்டிகள் இன்னும் ஆபீஸ் அலுமாரியில்தான் இருக்கின்றன, பழுது என்ற சீட்டோடு. அண்மையில் ஒருநாள் ஜெரோமி, துரையின் கையிலிருந்து பிறகு கழற்றிய அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பிரித்து, உள்ளே உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. கை மாறிக் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.